"கிளீன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டார்களா? கையெழுத்துப் போடும் முன் ஓர் ஒப்பீடு

மணப்பாறையிலிருந்து என் தங்கை போன் செய்தபோது காலை மணி பதினொன்று. "அக்கா, ஸ்கேன்ல துடிப்பு இல்லைன்னுட்டாங்க. சாயங்காலமே அட்மிட் ஆயிடுங்க, கிளீன் பண்ணிடலாம்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?" பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "உள்ளயே வெச்சிருந்தா விஷமாயிடும்டி, சீக்கிரம் முடிச்சிடச் சொல்லு."

ஏழு வருடங்களுக்கு முன் இதே சொற்கள் என்னிடமும் சொல்லப்பட்டன. ஒன்பதாவது வாரம். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். என்ன கருவி, வேறு வழி உண்டா, அவசரமா என்று ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து எடுத்த ஸ்கேனில் "கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றார்கள், மறுபடியும் தியேட்டர். அதற்குப் பிறகு ஐந்து நாள் வந்துகொண்டிருந்த மாதவிலக்கு ஒரு நாள் திட்டாகச் சுருங்கிப்போனது. "டென்ஷன்தான், சரியாயிடும்" என்றார்கள். ஒன்றரை வருடம் கழித்து வேறோர் ஊரில் ஹிஸ்டரோஸ்கோப்பி (கருப்பைக்குள் மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தபோதுதான் கருப்பையின் இரண்டு சுவர்களும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அதனால் தங்கைக்குச் சொல்லத் தெரிந்தவற்றை இங்கேயும் எழுதுகிறேன். முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் நிகழும் கருச்சிதைவுக்கு மட்டுமே இது பொருந்தும். நான் மருத்துவர் இல்லை. படுத்துக் கிடந்த மாதங்களில் ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தவள், பிறகு என் மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தவள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கிளீன் பண்றது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு சிகிச்சைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று உறிஞ்சி எடுப்பது, மற்றது சுரண்டி எடுப்பது. அடுத்த குழந்தையை மனதில் வைத்துப் பார்த்தால், தேவைப்படும்போது கவனமாக ஒரு முறை உறிஞ்சி எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது சுரண்டலுக்கு; அதிலும் இரண்டாம் தடவைச் சுரண்டலுக்கு.

அவசரம் உண்மையா?

தங்கையிடம் முதலில் கேட்டது: "ரத்தம் ரொம்பப் போகுதா? காய்ச்சல் இருக்கா? தலை சுத்துதா?" எதுவும் இல்லை. அப்படியென்றால் அன்று மாலையே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது கேள்வி ஸ்கேன் ரிப்போர்ட் பற்றியது. கருச்சிதைவு என்று உறுதிப்படுத்த இப்போது கடைப்பிடிக்கப்படும் அளவுகள் கறாரானவை. பிறப்புறுப்பு வழியாக எடுத்த ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லையென்றால், அல்லது கருப்பைக்குள் கருவைச் சுற்றி வளரும் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரைத் தொட்டும் உள்ளே கரு தெரியவில்லையென்றால்தான் உறுதி. அதற்குக் கீழே என்றால் குறைந்தது ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு நாள் கணக்கே தவறியிருக்கலாம். தங்கையின் ரிப்போர்ட்டில் கருவின் நீளம் 16 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லை. அதை அவளிடம் சொல்லும்போது என் குரல் உடைந்தது.

அம்மாவின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1200 பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவைக் காத்திருக்க வைத்து, ஒரு பிரிவுக்கு மாத்திரை கொடுத்து, ஒரு பிரிவுக்கு அறுவை முறையில் எடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2006இல் முடிவு வெளியானது. நோய்த்தொற்று மூன்று பிரிவிலும் 2 முதல் 3 சதவீதம்தான். காத்திருந்தவர்களுக்கு "உள்ளே அழுகி" விஷமாகவில்லை. நம் வீடுகளில் இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் சுத்தமில்லாத கருவிகளால் நடந்த கருக்கலைப்புகளில் பெண்கள் சீழ் பிடித்து இறந்ததை நம் பாட்டிமார் கண்ணால் பார்த்தவர்கள். தானாக நிகழும் கருச்சிதைவின் கதை வேறு.

சுரண்டினால் என்ன ஆகிறது

கருப்பையின் உட்சுவரில் இரண்டு அடுக்குகள் உள்ளன. மேலடுக்கு மாதாமாதம் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறுகிறது. அடியடுக்கு உதிர்வதில்லை, அதிலிருந்துதான் மேலடுக்கு மறுபடி வளர்கிறது. கரும்பு விவசாயம் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். கட்டையையே கிளறித் தோண்டிவிட்டால் அந்த இடத்தில் ஒன்றும் முளைக்காது. க்யூரெட் என்பது ஓரம் கூரான கரண்டி போன்ற உலோகக் கருவி. மருத்துவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கை உணர்வை மட்டும் வைத்து அதனால் சுவரைச் சுரண்டும்போது சில இடங்களில் அடியடுக்கும் சேர்ந்து போய்விடுகிறது. தோல் உரிந்த இரண்டு பரப்புகள் எதிரெதிரே உரசிக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும். கருப்பைக்குள் நடப்பதும் அதுதான்.

1894இல் ஹைன்ரிக் ஃபிரிட்ச் என்ற ஜெர்மன் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் சுரண்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கே நின்றுபோனதைப் பதிவு செய்தார். 1948இல் ஜோசப் ஆஷர்மன் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவர் பெயராலேயே இன்று ஆஷர்மன் சிண்ட்ரோம் என்கிறோம். கர்ப்பம் முடிந்த உடனேயே ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடுவதால் அந்த வாரங்களில் உட்சுவர் ஆறுவது மெதுவாக இருக்கும். அந்த நேரத்துச் சுரண்டல் மற்ற நேரத்துச் சுரண்டலைவிட அதிகச் சேதம் செய்வது அதனால்தான்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? கருச்சிதைவுக்குப் பின் ஓராண்டுக்குள் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து பார்க்கப்பட்ட 912 பெண்களின் தகவல்களைத் தொகுத்து 2014இல் ஓர் அலசல் வந்தது. சுமார் 19 சதவீதம் பேருக்கு ஏதோ ஓரளவு ஒட்டல் இருந்தது. இந்த எண்ணைப் பார்த்ததும் பதறாதீர்கள். அதில் பாதிக்கு மேல் மெல்லிய, லேசான ஒட்டல்கள். கடுமையானவை ஏழில் ஒரு பங்கு. ஒரு தடவைக்கு மேல் சுரண்டப்பட்டவர்களுக்கு ஆபத்து தெளிவாகக் கூடியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் கலந்துகொண்ட பெண்களைப் பிற்பாடு தொடர்ந்து கேட்டறிந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் உயிருள்ள குழந்தை பெற்றவர்கள்: காத்திருந்தவர்களில் 79 சதவீதம், மாத்திரை எடுத்தவர்களில் 79, அறுவை முறையில் எடுத்தவர்களில் 82. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். எனவே "கிளீன் பண்ணினா இனிமே குழந்தையே தங்காது" என்று உறவுக்காரர்கள் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஏற்கனவே தியேட்டருக்குப் போய் வந்துவிட்டுப் பிறகு இதைப் படிப்பவர்களுக்கு இந்த மூன்று எண்களைத்தான் முதலில் காட்ட ஆசைப்படுகிறேன்.

காத்திருப்பது

உடம்பே வெளியேற்றட்டும் என்று விடுவது. ஏற்கனவே உதிரப்போக்கு தொடங்கி, ஒரு பகுதி வெளியேறியவர்களுக்கு இது மிக நன்றாகப் பலிக்கிறது. லண்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பாதி வெளியேறிய நிலையில் இருந்தவர்களில் 91 சதவீதம் பேருக்குத் தானாகவே முழுதும் முடிந்தது. துடிப்பு நின்றும் உதிரம் தொடங்காதவர்களில் 76 சதவீதம். கரு உருவாகாமல் பை மட்டும் வளர்ந்தவர்களில் 66 சதவீதம். பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், வேறு ஆபத்து இல்லாதவர்களுக்கு 7 முதல் 14 நாள் காத்திருப்பதைத்தான் முதல் வழியாக வைக்கிறது.

கருப்பைக்குள் எந்தக் கருவியும் போகாததால் உட்சுவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் மனதுக்கு இது எளிதல்ல. எப்போது, எங்கே, எவ்வளவு என்று தெரியாது. பஸ்ஸில் தொடங்கலாம், அலுவலகத்தில் தொடங்கலாம். உயிரில்லாத கருவைச் சுமந்துகொண்டு சமையலும் செய்து, விருந்தாளிகளுக்குக் காபியும் போடுவது சிலரால் முடியாது. முடியாது என்றால் முடியாதுதான். அதற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

மாத்திரை

மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து வெளியேற்றும். 2005இல் வந்த அமெரிக்க ஆய்வில், 800 மைக்ரோகிராம் பிறப்புறுப்புக்குள் வைத்தபோது மூன்றாம் நாளுக்குள் 71 சதவீதம் பேருக்கும், தேவைப்பட்டவர்களுக்கு இரண்டாம் தவணை கொடுத்து எட்டாம் நாளுக்குள் 84 சதவீதம் பேருக்கும் முழுதாக வெளியேறியது. ஒப்பீட்டுக்கு, உறிஞ்சி எடுத்தவர்களில் 97 சதவீதம்.

இந்த இடைவெளியைச் சுருக்கியது மிஃபிப்ரிஸ்டோன். அதை முதலில் 200 மில்லிகிராம் கொடுத்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் கொடுத்தால், ஒரே தவணையில் வெளியேறியவர்கள் 67இலிருந்து 84 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2018இல் 300 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்ட எண் வேறு. பிறகும் உறிஞ்சி எடுக்க வேண்டி வந்தவர்கள் மிசோப்ரோஸ்டால் மட்டும் எடுத்தவர்களில் 23.5 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 8.8. உட்சுவரைக் காப்பாற்றத்தான் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், நான்கில் ஒருவர் கடைசியில் கருவியிடமே போக நேர்வதும் பத்தில் ஒருவருக்கும் குறைவாகப் போவதும் ஒன்றாகுமா? ஆகவே மருத்துவர் மாத்திரை என்று சொன்னால், "ஒரு மாத்திரையா, இரண்டுமா?" என்று கேளுங்கள். கருச்சிதைவுக்கும் மிஃபிப்ரிஸ்டோன் தரலாமா என்று சில மருத்துவமனைகள் தயங்கக்கூடும், கேட்பதில் தவறில்லை.

வலி கடுமையாக இருக்கும், மாதவிலக்கு வலியைப் போலப் பல மடங்கு. குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். கூட ஒருவர் இருக்க வேண்டும், வலி மாத்திரை கையில் இருக்க வேண்டும், ராத்திரியில் போக ஒரு வண்டி ஏற்பாடாகியிருக்க வேண்டும். கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது. கரு கருக்குழாயில் இருந்தால் இந்த மாத்திரை எதுவும் செய்யாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ஸ்கேனில் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதியான பின்பே மாத்திரை.

உறிஞ்சுவதா, சுரண்டுவதா

இங்கேதான் நம் ஊரில் பெரும் குழப்பம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "டி அண்ட் சி", அதாவது கருப்பை வாயை விரித்துச் சுரண்டுவது, என்று எழுதியிருக்கும். உள்ளே உண்மையில் உறிஞ்சியிருப்பார்கள். சில இடங்களில் "சக்ஷன் பண்ணினோம்" என்பார்கள். உறிஞ்சிவிட்டு, "சுத்தமா இருக்கணும்" என்று கடைசியில் க்யூரெட்டால் நான்கு பக்கமும் ஒரு சுற்று சுரண்டியும் இருப்பார்கள். சொல்லை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உறிஞ்சும் முறையில் வளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, மின் பம்ப் மூலமோ, கையால் இழுக்கும் 60 மில்லி பெரிய சிரிஞ்ச் மூலமோ வெற்றிடம் உண்டாக்கி எடுக்கிறார்கள். கையால் இழுப்பதுதான் எம்.வி.ஏ. தளர்ந்திருக்கும் கரு திசு வெளியே வந்துவிடுகிறது. அடியடுக்கில் கூரான எதுவும் படுவதில்லை. ஆரம்ப வாரங்களில் கருப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம், முழு மயக்கம் தேவைப்படாது.

உலகச் சுகாதார நிறுவனம் இதில் மென்று விழுங்கவில்லை. சுரண்டும் முறை காலாவதியானது, அதற்குப் பதில் உறிஞ்சும் முறையோ மாத்திரையோதான் பயன்படுத்த வேண்டும் என்று 2012 வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டது. உறிஞ்சிய பின் உறுதிப்படுத்துவதற்காக வழக்கமாகச் சுரண்டுவதும் வேண்டாம் என்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் ஊர்களில் க்யூரெட் ஏன் இன்னும் தட்டில் இருக்கிறது? பழகிய கை அது. படிக்கும்போது கற்றுக்கொண்டதைக் கை விடுவதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் விளைவைச் சுமப்பது நாம்தானே.

எனவே அறுவை முறை என்று முடிவானால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். உறிஞ்சுவீர்களா, க்யூரெட் பயன்படுத்துவீர்களா? ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்ய முடியுமா? கருப்பை வாய் மிருதுவாக முன்பே மாத்திரை வைப்பீர்களா? எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? ஸ்கேன் பார்த்துச் செய்தால் மிச்சம் தங்குவதும் கருப்பைச் சுவரில் துளை விழுவதும் குறையும். வாய் மிருதுவாகிவிட்டால் இரும்பு டைலேட்டரால் வலிந்து விரிக்க வேண்டியிருக்காது.

வாயை வலிந்து விரிக்காமல் இருப்பது ஏன் முக்கியம் என்றால், அடுத்த கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவத்துக்கும் டி அண்ட் சிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கிட்டத்தட்ட 20 லட்சம் பெண்களின் தகவல்களைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு அலசலில், ஒரு முறை செய்துகொண்டவர்களுக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவிக்கும் வாய்ப்பு சுமார் 1.3 மடங்கு, ஒன்றுக்கு மேல் என்றால் சுமார் 1.7 மடங்கு. கருச்சிதைவுக்கு மாத்திரை எடுத்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் சிறியது. பெரிய ஆபத்து இல்லை, ஆனாலும் அடுத்த கர்ப்பத்தில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டிய தகவல். மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று பழைய கருச்சிதைவைச் சொல்லாமல் விடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனியாக ஐந்து நிமிடம் கேட்டு வாங்கியாவது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திசுப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (கரு சரியாக வளராமல் நஞ்சுக்கொடித் திசு முத்து முத்தாகப் பெருகுவது) என்று தெரிய ஃபார்மலினில் போட்டு அனுப்ப வேண்டும். குரோமோசோம் பார்க்க வேண்டுமானால் ஃபார்மலினில் போடவே கூடாது, சலைனில்தான் அனுப்ப வேண்டும். ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தத் தகவல் போனதுதான். இரண்டாவது, மூன்றாவது முறையாகக் கருவை இழப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கேமரா வைத்துப் பார்த்து எடுப்பது

ஹிஸ்டரோஸ்கோப் மூலம் கண்ணால் பார்த்து மிச்சத்தை மட்டும் எடுத்தால் உட்சுவர் பிழைக்கும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நானும் அதைத்தான் சிறந்தது என்று நம்பியிருந்தேன். பிரான்ஸில் 574 பெண்களிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு என் நம்பிக்கையைத் திருத்தியது. பாதி வெளியேறிய கருச்சிதைவில், ஹிஸ்டரோஸ்கோப் மூலம் எடுத்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் 22 வாரம் தாண்டிய கர்ப்பத்தை அடைந்தவர்கள் 62.8 சதவீதம், சாதாரணமாக உறிஞ்சி எடுத்தவர்களில் 67.6. அதாவது முதல் தடவை காலி செய்ய, செலவு அதிகமான இந்த வழி கூடுதல் பலன் தரவில்லை. நல்ல சக்ஷனே போதும். வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வராத மிச்சத்துக்கு மட்டும் ஹிஸ்டரோஸ்கோப்பியை வைத்துக்கொள்ளலாம் என்பது இப்போது என் எண்ணம்.

"கொஞ்சம் மிச்சம் இருக்கு"

என் கருப்பை பாழானது இந்த மூன்று சொற்களில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கருச்சிதைவுக்குப் பத்து நாள் கழித்து யாரை ஸ்கேன் செய்தாலும் உள்ளே ரத்தக்கட்டியும் உதிரும் படலமும் தெரியத்தான் செய்யும். உட்சுவர் இத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பது மட்டுமே மறுபடி தியேட்டருக்குப் போகக் காரணமாகாது. எனக்கு அன்று உதிரம் குறைந்துகொண்டே வந்தது, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரிப்போர்ட்டில் ஓர் எண் மட்டும் இருந்தது.

நெதர்லாந்தில் இதையே ஆராய்ந்தார்கள். மாத்திரைக்குப் பின் ஸ்கேனில் மிச்சம் தெரிந்த பெண்களில் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களைக் கவனித்தபோது, நான்கில் மூன்று பேருக்கு மேல் தானாகவே சுத்தமானது. அதே நாட்டில் இன்னொரு ஆய்வு: முன்பு ஒரு முறையாவது டி அண்ட் சி ஆனவர்களுக்கு மறுபடி செய்யும்போது, முடித்ததும் ஹயலூரோனிக் அமில ஜெல்லை உள்ளே விட்டால் ஒட்டல் குறைகிறதா என்று பார்த்தார்கள். ஜெல் விட்டவர்களில் 13 சதவீதம், விடாதவர்களில் 30.6 சதவீதம் பேருக்கு ஒட்டல். ஜெல் உதவுகிறது என்பது செய்தி. என் கண்ணில் பட்டது அந்த 30.6தான். இரண்டாம் தடவை, மூன்றில் ஒருவரை நெருங்குகிறது.

ஆகவே மிச்சம் என்று சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி: "எனக்கு உதிரம் நிறையப் போகவில்லை, காய்ச்சல் இல்லை, அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்கலாமா, இல்லை மிசோப்ரோஸ்டால் இன்னொரு தவணை எடுக்கலாமா?" அதற்கும் போகாமல் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தோடு கட்டியாக நின்றால் ஹிஸ்டரோஸ்கோப்பி. மறுபடி குருட்டுச் சுரண்டல் கடைசியிலும் கடைசி. தவிர்க்கவே முடியாமல் செய்ய நேர்ந்தால் ஜெல் பற்றிக் கேளுங்கள்.

நேரே அறுவைக்குப் போக வேண்டியவர்கள்

இவ்வளவு சொன்னதால் யாரும் தியேட்டரைக் கண்டு பயந்து வீட்டில் படுத்துவிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் காத்திருப்பு அங்கேயே முடிந்தது. மயக்கம், கடும் வயிற்று வலி, நாற்றமுள்ள கசிவு, 100.4 டிகிரிக்கு மேல் தங்கும் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் அப்படியே. தொற்றை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் கருக்குழாய்கள் அடைபடும். உட்சுவரைக் காப்பாற்றப் போய்க் குழாயை இழந்ததாகிவிடும். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலும் உறிஞ்சி எடுப்பதுதான் சரி, பிறகு எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும்.

ரத்தசோகை இன்னொரு பெரிய காரணம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் ஏற்கனவே அடிமட்டத்தில் இருக்கும் ஒருத்தி, ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் கிராமத்தில், நடுராத்திரி மாத்திரையால் பெருகும் உதிரத்தோடு தனியாக இருப்பது சரியான தேர்வு இல்லை. அவளுக்குப் பகலில், ரத்தம் தயாராக இருக்கும் மருத்துவமனையில், ஒரு முறை சக்ஷன் மேலானது.

முன்பு சிசேரியன் ஆனவர்கள் ஸ்கேனில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதே ஆய்வின் கணக்குப்படி பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். பழைய தழும்பிலேயே கரு ஒட்டியிருந்தால் சாதாரணமாகச் சுரண்டுவது பெரும் ரத்தப்போக்கில் முடியும். பை எங்கே இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்துக் குழந்தையைப் பாதுகாக்கப் போடும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று எந்த வழியானாலும் கேட்டுவிடுங்கள்.

முடிந்த பிறகு கவனிக்க வேண்டியது

நான்கிலிருந்து ஆறு, ஏழு வாரத்துக்குள் மாதவிலக்கு திரும்ப வேண்டும். அளவு முன்பைவிட வெகுவாகக் குறைந்தாலோ, மாதாமாதம் வயிறு வலித்தும் உதிரம் வராவிட்டாலோ, "டென்ஷன்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். சலைன் விட்டு எடுக்கும் ஸ்கேன் ஒரு தடயம் தரும். உறுதி சொல்வது ஹிஸ்டரோஸ்கோப்பி. நம் நாட்டில் சுரண்டாமலேயே ஒட்டல் உண்டாக்கும் இன்னொன்றும் இருக்கிறது, கருப்பைக் காசநோய். அதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒட்டல் இருந்தால் ஹிஸ்டரோஸ்கோப் வழியாகவே கத்தரித்துப் பிரிக்கிறார்கள். பிறகு மறுபடி ஒட்டாமல் இருக்கச் சில நாள் பலூன், உட்சுவர் வளர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. எனக்கு இரண்டு முறை செய்தார்கள். என் மகனுக்கு இப்போது மூன்று வயது. ஒட்டல் இருந்தவர்களுக்கு நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டும் ஆபத்து உண்டு என்பதால் பிரசவத்தைப் பெரிய மருத்துவமனையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த முயற்சிக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது 2005இல் உலகச் சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. அதன் பின் ஸ்காட்லாந்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்த 2010 ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களுக்கு விளைவுகள் மோசமாக இல்லை, நன்றாகவே இருந்தன என்றது. உடம்பு தேறி, ஒரு மாதவிலக்கு ஒழுங்காக வந்து, மனமும் இடம் கொடுத்தால் போதும். மனம் இடம் கொடுக்கும் தேதியை வீட்டில் வேறு யாரும் குறிக்க வேண்டாம்.

தங்கை அன்று மாலை அட்மிட் ஆகவில்லை. ஹீமோகுளோபின் 11.4, ரத்தப் பிரிவு பாசிட்டிவ், முதல் கர்ப்பம். மறுநாள் திருச்சிக்கு என்னிடமே வந்துவிட்டாள். மருத்துவர் மூன்று வழிகளையும் சொன்னார். அவள் இரண்டு மாத்திரைகளையும் தேர்ந்தெடுத்தாள். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள், இரண்டாவதை அடுத்த நாள் என் வீட்டில். நான்கு மணி நேரம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கஞ்சி வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் ஸ்கேனில் அதே சொற்கள் வந்தன: கொஞ்சம் மிச்சம் இருக்கு. அவள் என்னைப் பார்த்தாள். "காத்திருக்கலாமா டாக்டர்?" என்று அவளேதான் கேட்டாள். காத்திருக்கலாம் என்றார் அவர்.

மூன்றாம் வாரம் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரே கோடு. ஆறாம் வாரம் அவளுக்கு மாதவிலக்கு வந்தது. ஐந்து நாள்.